கம்பத்து லைட்

வந்துவிட்டன. ஓடைக்கு இந்தப் பக்கம், தேயிலைக்கு நடுவில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நிற்கின்றன. முதலில் பாறை என்றுதான் நினைத்தேன். அங்கே பாறை கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது, பாறைக்குக் காது ஆடாது என்பதும். கிழிந்த காதுக்காரி முன்னால் நிற்கிறாள். பின்னால் இரண்டு. நடுவில் ஒரு குட்டி, அல்லது குட்டி மாதிரி ஒரு நிழல். பனிமூட்டம், எங்கள் பேச்சில் மஞ்சு, இறங்கிக்கொண்டிருக்கிறது, எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்வதை நான் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் போன் கிடக்கிறது. எனக்கு எஸ்டேட்டில் பகலெல்லாம் கொழுந்து பறிக்கிற வேலை, பொழுது சாய்ந்தால் இந்த வேலை. வேலை என்றால் பெரிய வேலை இல்லை. பஸ் நிற்கிற வளைவில் ஒரு கம்பம், உச்சியில் ஒரு சிவப்பு லைட், லைட்டுக்கு அடியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்கு என் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் லைட் எரியும், இன்னொன்று கொடுத்தால் அணையும். எரிந்தால் யானை நிற்கிறது, பஸ்ஸை விட்டு இறங்காதே, அப்படியே ஃபேக்டரிக்குப் போய் அங்கே படுத்துக்கொள் என்று அர்த்தம். எரியாவிட்டால் குறுக்குப் பாதையில் இறங்கி வீட்டுக்கு வா என்று அர்த்தம். எங்கள் லைன் வீடுகளில் கடவுளை நம்பாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள், கம்பத்து லைட்டை நம்பாதவர்கள் யாரும் இல்லை. எரியவில்லையா, பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கி வருவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. கட்டைவிரல் அந்த நம்பரின் மேல்தான் இருக்கிறது. அழுத்தவில்லை. அழுத்தத்தான் போகிறேன். வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசி வண்டியில் மிக்கேல் மட்டும்தான் வருகிறான். மற்ற எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். வீடு வீடாக நான் அதை மனசுக்குள் பார்த்து முடித்துவிட்டேன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது. எப்போது பார்த்தேன்? அரிசி களையும்போதா, யானையைப் பார்த்த பிறகா? பிறகு என்றால் நான் நினைப்பதைவிடக் கெட்டவள். இருக்கட்டும். மிக்கேல் பக்கத்து வீடு. எனக்கு முன்னால் இந்த லைட் வேலையைப் பார்த்தவன் அவன்தான். என் புருஷனை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்ததால் எனக்குக் கொழுந்தன் முறை. போன வருஷம் அது நடந்த பிறகு, கை நடுங்குகிறது, இனி இந்தப் போனைத் தொட மாட்டேன் என்று கூட்டத்தில் அழுதான். செசிலி மதினிகிட்ட குடுங்க, புருஷனப் பறிகொடுத்தவங்க, கண்ணசர மாட்டாங்க என்று சொன்னதும் அவன்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அவன் பொழுது சாய்ந்த பிறகு வெளியே நின்றதில்லை, மாடு மேய்ந்து திரும்புவதற்கு முன்னால் ஆள் வீட்டுக்குள் இருப்பான். இன்றைக்குப் பல் பிடுங்க டவுனுக்குப் போனான். ஆஸ்பத்திரியில் கூட்டமாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி ரீட்டா கஞ்சி வைக்கிறாள், பூண்டு வாசனை வருகிறது. எங்கள் வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது, வெள்ளைக்காரன் அத்தோடு போதும் என்று விட்டுவிட்டான். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டிலிருந்து தண்ணீர் வரும்.

"மதினி, ஆன கீன நிக்குதா?" ரீட்டாவின் குரல் சுவருக்கு மேலாக வருகிறது.

"ஒண்ணும் தெரியல ரீட்டா. மஞ்சா கெடக்கு."

"அவுக கடைசி வண்டிக்குத்தான் வாறாக. காலைல இருந்து வெறும் வயிறு, பாவம்."

"வரட்டும், வரட்டும்."

பொய்யா சொன்னேன்? மஞ்சாகத்தான் கிடக்கிறது. ரீட்டா நல்ல பெண். சூசை செத்த வாரம் முழுக்க எனக்குச் சோறு பொங்கிப் போட்டவள், என் தலையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தவள். அவள் நல்லவளாக இருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம். சூசை என்று பேர் சொல்கிறேன். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் சொன்னதில்லை, அவர், அந்த மனுஷன், இந்தாங்க என்றே ஓடிவிட்டது. இப்போது மனசுக்குள் சூசை சூசை என்கிறேன், கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. அன்றைக்கும் இதே படிதான். கருவாடு வறுக்க எடுத்து வைத்துவிட்டுக் கம்பத்தைப் பார்த்தேன். லைட் எரியவில்லை. சரி, குறுக்கே வந்துவிடுவார் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அடுப்பு பற்றியது. பிளிறல் கேட்டது. ஓடி வந்து பார்த்தேன், அப்போதும் கம்பம் இருட்டாகத்தான் நின்றது. பிறகு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எரிந்தது. அடுப்பு, பிளிறல், லைட். இதை ஜெபமாலை மாதிரி உருட்டி உருட்டி வைத்திருக்கிறேன். விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் நல்ல மாதிரி மனிதர், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதிர்ச்சியில முன்னால நடந்தது பின்னாலன்னு தோணும்மா என்றார். பெட்டியில் நேரம் பதியாதாம். மிக்கேலின் போன் அந்த வாரமே ஓடையில் விழுந்துவிட்டது. போன் விழாதா, யார் போனும் விழும். சவப்பெட்டிக்கு முன்னால் அவன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் போட்டுட்டேன் மதினி. அண்ணன்தான் பாக்கல." அண்ணன் அன்றைக்குக் குடித்திருந்தார், அது உண்மை, மூடி வைக்க முடியாது. அவ்வளவுதான், முடிந்தது. குடிகாரன் லைட்டைத் தாண்டி வந்தான், செத்தான். பிள்ளைகளை அதட்ட இந்த லைனில் இன்றைக்கும் அந்தப் பேர்தான். லைட்ட மதிக்காம வந்து சூசையாட்டம் சாகப்போறியா?

ஒரு வருஷம் உருட்டினால் மணி தேய்ந்துவிடும் போலிருக்கிறது. இப்போதெல்லாம் சில நாள் வரிசை மாறி வருகிறது. அடுப்பு, லைட், பிளிறல். அப்படியும் நடந்திருக்கலாமே என்கிறது மனசு. அடுப்பைப் பற்றவைத்த நேரத்தில் லைட் எரிந்திருக்கலாம், புகையில் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம், சூசை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கம்பத்தைத் தாண்டியிருக்கலாம். அவருக்கு அந்த வழக்கம் உண்டு, குடித்தால் தரையைப் பார்த்துத்தான் நடப்பார், நாணயத்தைத் தொலைத்தவர் மாதிரி. ஊரே ஒன்றைச் சொல்லும்போது ஒருத்தி மட்டும் வேறொன்றைப் பார்த்தேன் என்று எத்தனை நாள் நிற்க முடியும்? யாழினி மேடம்கூட அதையேதான் சொல்கிறாள். யானைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள், இந்த லைட்டையெல்லாம் கொண்டுவந்து நட்டவள். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் கூட்டம் போடுவாள், பால் இல்லாத டீயும் பிஸ்கட்டும் கொடுப்பாள். வெள்ளைத் துணியில் படம் காட்டுவாள். மேலே ஒரு சோலை, கீழே ஒரு சோலை, நடுவில் பச்சை மையால் ஒரு கோடு. அது யானை போகிற வழித்தடம், ஆயிரம் வருஷப் பழக்கம், தாய் மகளுக்குக் காட்டி, மகள் அவள் மகளுக்குக் காட்டி. அந்தப் பச்சைக் கோடு எங்கள் கக்கூஸுக்குப் பின்னால் நுழைந்து ஓடையில் இறங்குகிறது. அவங்க வழியில நாமதான் குறுக்க வந்து உக்காந்திருக்கோம் என்பாள். நாம என்பாள், ஆனால் ராத்திரி டவுனில் போய்ப் படுப்பாள். என் பாட்டன்மாரைக் கங்காணி கூட்டிவந்ததும் ஒரு வழியாகத்தான், பாதிப் பேர் மலை ஏறும்போதே காய்ச்சலில் விழுந்தார்கள் என்று சொல்வார்கள். அதற்கு யாரும் பச்சை மை போடவில்லை. போன கூட்டத்தில் இன்னொரு நல்ல செய்தி சொன்னாள். மேல்மலையில் அந்தக் காலத்தில் வரையாடு இருந்ததாம், வேட்டையாடித் தீர்த்துவிட்டார்களாம். வேறு மலையிலிருந்து பிடித்துவந்து மறுபடி விடப்போகிறார்களாம். கழுத்தில் பட்டை கட்டி, எது எங்கே நிற்கிறது என்று தினமும் பார்ப்பார்களாம். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தொலைந்துபோன ஆட்டைத் திரும்பக் கொண்டுவர இவ்வளவு பேர் இருக்கிறார்கள். அடுத்த படம் லைட் கம்பம். இது வந்த பிறகு நம்ம எஸ்டேட்ல ஒரே ஒரு சாவுதான், அதுவும் லைட்டை மதிக்காததால் என்றாள். முதல் வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். அது ஒடிந்து உள்ளே விழுந்தது. மிக்கேல் இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்து தரையைப் பார்த்தான். ஏன் தரையைப் பார்த்தான்? பாவப்பட்டு இருக்கலாம். பாவப்பட்டவனும் தரையைத்தான் பார்ப்பான், பாவம் செய்தவனும் தரையைத்தான் பார்ப்பான். அதுதான் பிரச்சினை. ஒரு வருஷமாக நான் அவன் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். குழாயடியில், பூசையில், காலையில் பிரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது. ஒன்றும் தேறவில்லை.

காதுக்காரி நகர்ந்துவிட்டாள். குறுக்குப் பாதை ஓடைப் பாலத்தைத் தொடுகிற இடத்துக்கு, சூசையைக் கண்டெடுத்த இடத்துக்கு, நிதானமாக வந்து நிற்கிறாள். ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு பெரிய உடம்பு செடிக்குள் புகுந்து வரும்போது ஒரு குச்சி ஒடிய வேண்டாமா? அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு மிதித்தது இவள்தானோ வேறு ஒன்றோ, குட்டி பக்கத்தில் இருக்கும்போது இருட்டில் ஒருவன் தள்ளாடி வந்து மேலே விழுந்தால் அவளும் என்னதான் செய்வாள். நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இதுதான் இதில் அழகு. ஒன்றும் செய்ய வேண்டாம். கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம், எழுந்திருக்கக்கூட வேண்டாம். மஞ்சு மதினிய ஏமாத்திருச்சு, யானை நிக்கிறது தெரியல என்று எல்லாரும் சொல்வார்கள், ரீட்டாவே சொல்வாள், என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொல்வாள். நான் எண்ணெய் தேய்ப்பேன். இதை நினைக்கும்போது வருவது பாதி பயம், பாதி சந்தோஷம் என்று எனக்குத் தெரிகிறது. அவன் நிஜமாகவே போட்டிருந்தால்? நான்தான் வரிசையை மாற்றி வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக ஒரு நிரபராதியின் சாவுக்குக் காத்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால்? அடுப்பு, லைட், பிளிறல். அடுப்பு, பிளிறல், லைட். இரண்டும் ஒரே மாதிரி நிஜமாக இருக்கிறது. மேலே ரோட்டில் வெளிச்சம் வளைகிறது. வண்டி வந்துவிட்டது. வேண்டாம். தெரியாத ஒன்றுக்காக ஒரு ஆளைக் கொல்ல முடியாது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான், செத்துப் போகிறவரை தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன். போட்டுவிடலாம். சூசை, போட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விரலை வைத்து அழுத்தப் போனேன், போன் கைக்குள்ளேயே அடித்தது. மிக்கேல்.

எழுந்து துணி துவைக்கிற கல் வரை வந்துவிட்டேன், சுவருக்கு மேலாகப் பேச்சு போகாத தூரம். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"மதினி, நான் மிக்கேலு." வாய்க்குள் பஞ்சு அடைத்திருக்கிறது, குழந்தை பேசுகிற மாதிரி இருக்கிறது.

"சொல்லுங்க தம்பி."

"லைட்டு எரியல மதினி."

"ஆமா."

"எரியலதான். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு."

"எரியலன்னா என்ன அர்த்தம் தம்பி? ஒங்களுக்குத் தெரியாததா?"

அவன் மூச்சு மட்டும் கேட்கிறது, பின்னால் வண்டி உறுமுகிறது. எனக்குக் காதுக்குள் அந்த மூச்சு இறங்கி இறங்கி, எங்கேயோ ஓர் இடத்தில் தட்டியது. யாரும் கேட்டதில்லையே. இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் அந்த வளைவில் இறங்கியிருக்கிறார்கள், மஞ்சில் இறங்கியிருக்கிறார்கள், கைக்குழந்தையோடு இறங்கியிருக்கிறார்கள். எரியாத லைட்டைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, நிஜமாகத்தான் எரியவில்லையா என்று ஒருத்தர் கேட்டதில்லை. அவர்களுக்கு அது தோன்றாது. எரியாத லைட்டுக்குக் கீழேயும் யானை நிற்கும் என்று தெரிந்தவன் இந்த மலையில் ஒருத்தன்தான் இருக்க முடியும். லைட்டைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தவன். ஓடையில் போனைப் போட்டவன். ஒரு வருஷமாக முகத்தில் காட்டாததைப் பல் பிடுங்கின வாயால் காட்டிவிட்டான். அடுப்பு, பிளிறல், லைட். மணிகள் டக் டக்கென்று அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. எனக்கு அழுகை வந்தது. நான் பைத்தியம் இல்லை, சூசை, நீங்கள் லைட்டைத் தாண்டி வரவில்லை, நீங்கள் கம்பத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினீர்கள். அந்த அழுகை இவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"மதினி, இருக்கீகளா? கண்டக்டர் ஏறுறியா இல்லையான்னு கத்துறாரு."

ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அதை எனக்கு விட்டுவைக்கவில்லை. வாயைத் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறான். பரவாயில்லை, இதுதான் சரி. அவனாவது அன்றைக்குத் தூங்கியிருப்பான், இல்லை சினிமா பார்த்துக்கொண்டிருந்திருப்பான், அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தெரிந்தே சொல்கிறேன்.

"வண்டிய அனுப்பிருங்க தம்பி. ரீட்டா கஞ்சிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா, ஆறிரும்."

"அப்ப வரலாம்ல?"

"வாங்க."

"சரி மதினி." அந்தச் சரியில் எவ்வளவு நிம்மதி. வண்டியின் வெளிச்சம் ஒரு தரம் தேயிலையைத் துடைத்துவிட்டுப் போகிறது. பிறகு ஒரு சின்ன வெளிச்சம், போன் டார்ச், படி படியாக இறங்குகிறது. நாளைக்கு யாராவது அவன் போனை எடுத்துப் பார்த்தால் என் நம்பர் இருக்கும். இருக்கட்டும். கேட்டான், வராதே என்றுதான் சொன்னேன், பசியில் கேட்காமல் வந்துவிட்டான் என்பேன். செத்தவனா எழுந்து வந்து மறுத்துப் பேசப்போகிறான். சூசை பேசினாரா. இப்போதுகூடக் கத்தலாம். நில்லு என்று ஒரு சத்தம், இந்தப் பள்ளத்தில் எதிரொலித்து மேலே போய்விடும். தொண்டையில் அது வந்தும்விட்டது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன், கசந்தது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டேன், கல் ஈரமாக இருந்தது. டார்ச் ஓடையை நெருங்குகிறது. மெதுவாகத்தான் வருகிறான், பயந்தவன். பாலத்துக்கு அருகில் ஆடிக்கொண்டிருந்த காதுகள் ஆடாமல் நின்றன. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. வெளிச்சமும் நின்றது. ஒரு நிமிஷம், ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற மாதிரி இரண்டும் நின்றன. அவன் அப்போது என்னை நினைத்திருப்பான். நினைத்திருக்க வேண்டும், மாதாவே, அது ஒன்று மட்டும் நடந்திருக்க வேண்டும். பிளிறல் மலை முழுக்கக் கேட்டது. டார்ச் எங்கேயோ உயரத்துக்குப் போய், செடிகளுக்குள் விழுந்து, வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

விரலை அழுத்தினேன். அந்தப் பக்கம் ஒரு மணி அடித்தது, வெட்டினேன். வளைவில் மஞ்சுக்குள் சிவப்பாக ஊறிக்கொண்டு லைட் எரிந்தது. அன்றைக்கு எரிந்த மாதிரியேதான் எரிந்தது.

ரீட்டா பின்வாசலில் நிற்கிறாள். கையில் கஞ்சி கிளறிய அகப்பை. "மதினி, லைட்டு. லைட்டப் போட்டீகளா?"

போய் அவள் தோளைப் பிடித்துக் கம்பத்தின் பக்கம் திருப்பினேன்.

"போட்டுட்டேன் ரீட்டா. அந்தா எரியுது பாரு," என்றேன். "தம்பிதான் பாக்கல."